வெயிலுக்கு ஒரு விலை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி தாண்டிக் கமுதி போகும் வழியெல்லாம் அன்று வேலிக்கருவைதான். வெட்டிய கட்டையை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவார்கள். நாள்கணக்கில் புகை கசியும். மழை இல்லாத வருஷம் அந்தக் கரிதான் சோறு. கரிக்கு வியாபாரி சொன்னதே விலை. வெயிலை யாரும் விலை கேட்டதில்லை.

அருப்புக்கோட்டை ஊருக்குள் விசைத்தறி. 2012-இல் சென்னைக்கு வெளியே கரண்டு பல நாள் 12 மணி நேரத்துக்கு மேல் போனது. நாடா பாதியில் நிற்கும்; மறுபடி ஓட்டும்போது நின்ற இடத்தில் துணியில் கோடு விழும். அந்தக் கோடு நெசவாளியின் கூலியைத் தின்னும்.

அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பின், 2014 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒப்பந்தம் 25 ஆண்டு. அந்த விலைக்கான கெடு 2016 மார்ச் 31 வரை நீண்டது. அதானி நிறுவனம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையத்தை எட்டே மாதத்தில் எழுப்பியது. அடுத்து வந்த விலை 5.10. கமுதியின் ஒரு பகுதிக்கு எந்த விலை என்ற வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போக, 2020-இல் 7.01 தான் என்று அங்கே தீர்ப்பானது.

இதற்கிடையில் 2017-இல் ஏலம் விட்டதும் விலை 3.47-க்கு இறங்கிவிட்டது! அந்த விலைக்கு என்.எல்.சி. நிறுவனம் விருதுநகர் மாவட்டத்திலும் சூரியத் தகடு பதித்தது. பக்கத்துப் பக்கத்து மாவட்டம், அதே வெயில், பாதி விலை.

விலைக்கு உத்தரவாதம் தந்ததைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அந்தக் காட்டுக்கு யார் முதல் போட வந்திருப்பார்கள்? ஆனால் தகட்டின் விலை வருஷாவருஷம் சரிவது அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. சரிகிற பொருளுக்கு 25 ஆண்டுக்கு ஒரே விலை எழுதியதுதான் தப்பு. விற்பவருக்கு விலை அசையாது; வாங்குகிற நமக்கு 2022 செப்டம்பரில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி ஏறியது. 2023-இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று ஆனதால்தான் சின்னத் தறிக்காரர்கள் மூச்சு விடுகிறார்கள்.

இன்று கமுதியில் வேலிக்குள் தகடுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. தூசியை இயந்திரம் துடைக்கிறது. கரி சுட்டவருக்கு அடுத்த மாத விலையைக்கூட யாரும் எழுதித் தந்ததில்லை. அந்த 7.01 மட்டும் 2041 வரை ஓடும்.