குழாய் அறுக்க எந்த அலகு?

2010 இல் கிளிநொச்சிக்கு மீளக் குடியேறியபோது எங்கள் பட்டறையில் மிஞ்சியிருந்தது ஒரு வைஸ் மட்டுந்தான். அவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். கதிரை, கட்டில் செய்யும் வேலையைத் தெரிந்த மாமா ஒருவரிடம் பழகினேன்.

முதல் வேலை, ஷெல்லில் காலொன்றை இழந்த அயல் அக்காவுக்குப் பிடித்து நடக்கும் சட்டம். கடைக்காரர், "அவருக்கோ தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுக் கையில் அகப்பட்ட வாள் அலகைத் தந்தார். மெல்லிய குழாயில் இரண்டு தரம் தள்ளுவதற்குள் பற்கள் கொளுவி உடைந்தன. வெட்டும் கோணல். ஒரு கால் கட்டையாகி, அக்கா ஊன்றியதும் சட்டம் ஆடியது. அவ விழுந்திருந்தால்? காசு வாங்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன்.

மாமா அலகைப் பார்த்தார். "பிள்ளை, இது தடித்த இரும்புக்கு. எண்ணைப் பார்த்து வாங்கு."

அலகில் 18, 24, 32 என்று எண் இருக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை பற்கள் என்பதே அது. குழாய்ச் சுவரின் தடிப்பில் இரண்டு மூன்று பற்களாவது ஒரே நேரத்தில் படவேண்டும். இல்லாவிட்டால் சுவர் பற்களுக்கிடையில் இறங்கிக் கொளுவும். தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. குழாய்க்கு 24, கதிரைக் கால் போன்றதற்கு 32. அப்போதும் ஒரேயடியாக ஊடறுக்காமல், குழாயை உருட்டி உருட்டி அறுங்கள். பற்கள் முன்னுக்குப் பார்க்க அலகைப் பூட்டவேண்டும், தள்ளும்போதுதான் அறுக்கும். நான் மாறிப் பூட்டி அரை நாள் மினக்கெட்டவள். கோடு நேராக வர, ஒரு கடதாசியை விளிம்பு பொருந்தக் குழாயில் சுற்றிக் கீறுங்கள்.

சில்லு வைத்த பைப் கட்டர் வட்டக் குழாயை வடிவாக வெட்டும். சதுரக் குழாய்க்கு உதவாது. வெட்டிய வாய் உள்ளே மடிந்து நிற்கும். அரத்தால் எடுக்காவிட்டால் தண்ணீர் ஓட்டம் குறையும்.

கிரைண்டர் கெதி. ஆனால் வெடிப்புள்ள தட்டையோ, காப்பு மூடி கழற்றிய கிரைண்டரையோ தொடாதீர்கள். கண்ணாடி போடுங்கள். சால்வையைக் கழற்றி வைத்து, கூந்தலை இறுக்கிக் கட்டுங்கள்.

இன்னொன்று. காணி துப்புரவாக்கும்போது கிடைக்கும் குழாய் போன்ற பொருளை, பழைய இரும்புதானே என்று எந்த வாளாலும் அறுக்க வேண்டாம், தூக்கவும் வேண்டாம். அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள்.

அந்தச் சட்டத்தின் நாலு காலையும் 32 அலகால் புதிதாக அறுத்துக் கொடுத்தேன். அக்கா இன்றும் அதைப் பிடித்துத்தான் கிணற்றடிக்குப் போகிறா. கால் றப்பரை மட்டும் இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன்.