ராட்சத விளம்பரப் பலகைகளைச் சோதிக்கும் பொறுப்பு யாருக்கு? மும்பை காட்கோபர் விபத்து காட்டிய சட்ட இடைவெளி

மும்பை: மும்பையின் காட்கோபர் பகுதியில் 2024 மே 13-ஆம் தேதி மாலை புழுதிப் புயல் வீசியபோது, ராட்சத விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் நிலையத்தின் மீது சரிந்து விழுந்தது. எரிபொருள் நிரப்ப நின்றவர்களும், மழைக்கு ஒதுங்கியவர்களும் அதன் அடியில் சிக்கினர். 17 பேர் உயிரிழந்தனர். 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அந்தப் பலகையின் அளவு 120 அடிக்கு 120 அடி. பிருஹன்மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி மட்டுமே. விதி தெளிவாக இருந்த ஒரு மாநகரில், அதை மீறிய பலகை பலரும் அன்றாடம் கடந்து செல்லும் சாலையோரத்தில் எவ்வாறு நிலைத்து நின்றது? இக்கேள்விக்கு விடை காண, நம் நகரங்களில் வணிக விளம்பரப் பலகைகளுக்கு அனுமதி வழங்கப்படும் முறையை அறிந்துகொள்வது அவசியம்.

பெயர்ப் பலகையும் விளம்பரப் பலகையும் ஒன்றா?

இல்லை. கடையின் முகப்பில் அக்கடையின் பெயரைத் தாங்கி நிற்பது பெயர்ப் பலகை. வேறொரு நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ அறிவிக்க, கட்டணம் பெற்றுக்கொண்டு வைக்கப்படுவது விளம்பரப் பலகை. இரண்டையும் சட்டம் வெவ்வேறாகவே அணுகுகிறது.

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-இன் 328ஏ பிரிவின்படி, ஆணையரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எந்த நிலத்திலும், கட்டடத்திலும், சுவரிலும் விளம்பரம் வைக்கக் கூடாது. ஆயினும், அந்த இடத்திலேயே நடைபெறும் தொழிலைக் குறிக்கும் ஒளியூட்டப்படாத சாதாரணப் பலகைக்கு இந்த அனுமதி தேவையில்லை. பெயர்ப் பலகைகளுக்குத் தனி விதிகள் உண்டு. மகாராஷ்டிராவில் கடைகளின் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இடம்பெற வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற, உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் மும்பை வணிகர்களுக்கு 2 மாத அவகாசம் அளித்தது குறிப்பிடத்தக்கது.

அனுமதி எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?

வானத்தைப் பின்புலமாகக் கொண்டு உயர்ந்து நிற்கும் பலகைகளை அச்சட்டத்தின் 328-ஆவது பிரிவு 'ஸ்கை சைன்' என்று அழைக்கிறது. இவற்றுக்கான அனுமதியை ஒரு தடவைக்கு 2 ஆண்டுகளுக்கு மேல் வழங்கவோ புதுப்பிக்கவோ இயலாது. அதுமட்டுமன்றி, பலகையில் மாற்றம் செய்தாலோ, வலுப்படுத்தும் நோக்கமின்றிக் கூடுதல் பகுதி சேர்த்தாலோ, அதன் ஒரு பகுதி பழுதடைந்து விழுந்தாலோ அந்த அனுமதி தானாகவே செல்லாததாகிவிடும்.

ஒரு தடவை உரிமம் பெற்றுவிட்டால் போதும் என்று சட்டம் கருதவில்லை என்பதையே இந்த ஏற்பாடு உணர்த்துகிறது. இரும்பு துருப்பிடிக்கும், அடித்தளம் தளரும், அருகிலுள்ள சாலையும் கட்டடமும் மாறும். எனவே, குறித்த காலத்தில் மறுஆய்வு செய்வது உரிமத்தின் பிரிக்க முடியாத பகுதியாகிறது.

எவையெல்லாம் ஆய்வு செய்யப்படுகின்றன?

முதலாவது, கட்டமைப்பின் உறுதி. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் உறுதித்தன்மைச் சான்றிதழ் வழங்க வேண்டும்.

இரண்டாவது, போக்குவரத்துப் பாதுகாப்பு. இதற்குப் போக்குவரத்துக் காவல் துறையின் தடையின்மைச் சான்று கோரப்படுகிறது. வாகன ஓட்டிகளின் கவனத்தைச் சிதறடித்து ஆபத்தை விளைவிக்கும் விளம்பரப் பலகைகளை டெல்லி சாலைகளிலிருந்து அகற்றுமாறு, எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 நவம்பரில் உத்தரவிட்டது.

மூன்றாவது, ஒளியும் தோற்றமும். மின்னணுத் திரைகள் பெருகியதால் இது புதிய சிக்கலாக உருவெடுத்துள்ளது. மும்பை மாநகராட்சி 2024-இல் வெளியிட்ட வரைவுக் கொள்கையில், மின்னணு விளம்பரத் திரைகளை இரவு 11 மணிக்கு மேல் அணைத்துவிட வேண்டும் என்ற விதி இடம்பெற்றது.

அளவுக்கு ஏன் வரம்பு?

அளவு வரம்பை நகரின் அழகு சார்ந்த விதியாக மட்டும் பார்க்க முடியாது. அது காற்றின் விசையைப் பொறுத்தது. 40 அடிப் பலகையின் பரப்பு 1,600 சதுர அடி. 120 அடிப் பலகையின் பரப்பு 14,400 சதுர அடி. பக்க அளவு 3 மடங்கானால், காற்றை எதிர்கொள்ளும் பரப்பு 9 மடங்காகிறது. உயரமும் கூடுவதால், பலகையை அடியோடு சாய்க்கும் விசை அதனினும் வேகமாகப் பெருகும். பலகை தரைமட்டத்திலிருந்தே தொடங்குவதாகக் கொண்டால், அது 27 மடங்காகும்.

காற்றின் அழுத்தமும் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது வேகம் 2 மடங்கானால் அழுத்தம் 4 மடங்காகும். மும்பைக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர். ஏறத்தாழ மணிக்கு 158 கிலோமீட்டர். காட்கோபர் பலகையை ஆய்வு செய்த மும்பை வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்வி நிறுவனம், அது மணிக்கு 49 கிலோமீட்டர் வேகக் காற்றை மட்டுமே தாங்கக் கூடியதாக இருந்தது எனக் கண்டறிந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. அன்று வீசிய காற்றின் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர் எனக் கூறப்பட்டது. இக்கணக்கின்படி, பலகை தாங்கக் கூடிய அழுத்தத்தைப் போல் 3 மடங்குக்கும் அதிகமான அழுத்தம் அதன் மீது விழுந்துள்ளது.

புயல் வழக்கத்துக்கு மாறானதாக இருக்கலாம். ஆனால், உரிய தரத்தில் கட்டப்பட்ட பலகை தாங்கியிருக்க வேண்டிய காற்றுதான் அது.

அப்படியானால், சோதித்திருக்க வேண்டியவர் யார்?

சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது. அந்தப் பலகைக்குத் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று மாநகராட்சி தெரிவித்தது. பலகை நின்ற நிலம் மாநில அரசின் ரயில்வே காவல் துறை வசம் இருந்தது. அனுமதியும் அத்துறையிடமிருந்தே பெறப்பட்டது. அந்த நிலம் தங்களுக்குச் சொந்தமானதன்று என மத்திய ரயில்வே விளக்கம் அளித்தது. ரயில்வே என்ற பெயரைச் சார்ந்து, மாநகராட்சியின் ஆய்வுக்கு உட்படாமலேயே பலகை நின்றுள்ளது.

ரயில்வே நிலங்களுக்கு இருப்பதாகக் கூறப்படும் விலக்குகளும் வரம்பற்றவை அல்ல. ரயில்வே சட்டம் 1989-இன் 185-ஆவது பிரிவு, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி, ரயில்வே இடங்களில் வைக்கப்படும் விளம்பரங்களுக்கு உள்ளாட்சி அமைப்புகளுக்கு வரி செலுத்த வேண்டியதில்லை என்கிறது. அப்பிரிவின் வாசகம் வரியைப் பற்றியது. உறுதித்தன்மையைச் சோதிப்பது பற்றியதன்று. மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 328ஏ பிரிவும் ரயில்வே நிர்வாகத்தின் சுவர்களுக்கும் பிற சொத்துகளுக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால், அவற்றின் சாலையை நோக்கிய பகுதிக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஒளியூட்டப்பட்ட விளம்பரங்களும் 'ஸ்கை சைன்' வகையும் அதன் வரம்புக்குள் வாரா. இருப்பினும், இந்த அதிகாரம் குறித்து ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் இடையே நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துள்ளன.

முன்னரே நிகழ்ந்த விபத்துகள்

புணேயில் 2018 அக்டோபர் 5-ஆம் தேதி, ரயில்வே நிலத்தில் இருந்த விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டத்தை அகற்றும் பணியின்போது அது சாலையில் விழுந்து 4 பேர் உயிரிழந்தனர். பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் 2023 ஏப்ரல் 17-ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கியவர்கள் மீது பலகை சரிந்து 5 பேர் உயிரிழந்தனர். இவ்விரு விபத்துகளுக்குப் பிறகே காட்கோபர் துயரம் நிகழ்ந்தது.

காட்கோபர் விபத்தைத் தொடர்ந்து, 40 அடிக்கு மேற்பட்ட பலகைகளை அகற்றுமாறு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ரயில்வே நிர்வாகத்துக்கு மாநகராட்சி அறிவிக்கை அனுப்பியது. விபத்து குறித்து விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி திலீப் போசலே தலைமையில் குழு ஒன்றை மகாராஷ்டிர அரசு அமைத்தது.

வருவாயும் பொறுப்பும்

விளம்பரப் பலகைகளில் பெரும் வருவாய் அடங்கியுள்ளது. சரக்கு மற்றும் சேவை வரிக்காக 2016-இல் மேற்கொள்ளப்பட்ட 101-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், விளம்பரங்கள் மீதான வரியை மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் பின்னர் நகராட்சி அமைப்புகள் பெரிதும் உரிமக் கட்டணத்தையே நம்பியுள்ளன. நிலம் வைத்திருக்கும் பிற அரசுத் துறைகளுக்கோ வாடகை கிடைக்கிறது. வாடகை பெறும் துறையே பலகையின் பாதுகாப்புக்கும் ஒப்புதல் அளிக்கும்போது, சுயேச்சையான ஆய்வுக்கு இடமில்லாமல் போகிறது.

வாடகை எந்தத் துறைக்குச் சென்றாலும், சாலையில் செல்வோரின் பாதுகாப்பு நகரம் முழுமைக்கும் பொதுவானது. ஆகவே, நிலம் யாருடையதாயினும் அளவையும் உறுதியையும் ஒரே அமைப்பு, ஒரே அளவுகோலின்படி, குறித்த காலத்தில் சோதிப்பதே காட்கோபர் விபத்து முன்வைக்கும் அடிப்படைத் தேவையாகும். பலகையை வீழ்த்தும் காற்று, அது நிற்கும் நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்த்து வீசுவதில்லை.