குலுங்கும் ஜிப்ஸி

ஓசூர் சாலை நெரிசலில் பழைய மாருதி ஜிப்ஸியின் குட்டு வெளிப்பட்டுவிடும். பொம்மனஹள்ளியில் நின்றால் போதும், குலுங்கி அணைந்துவிடும். உடனே பழி கார்புரேட்டர் மீது. 1985இல் வந்த இந்த வண்டியின் விற்பனை நின்றுபோன நிலையில், நல்ல கார்புரேட்டரைக் கழற்றி வீசுவது வீண் செலவு.

ஓடும் இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள் (ரப்பர் பிடியுள்ள குறடால், ஷாக் பலமானது). எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் சோம்பேறி. இன்ஜினை நிறுத்தி, அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக் குற்றவாளி. போகாவிட்டால் வயரையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் பாருங்கள், பிறகு கம்ப்ரஷன். வால்வு என்றால் பர்ஸ் காலி.

நாலு பிளக்கும் கறுத்திருந்தால் கார்புரேட்டரைச் சந்தேகிக்கலாம். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம், காற்று மெலிவு. சென்னையில் ட்யூன் செய்த வண்டி இங்கே பெட்ரோலைக் கூடுதலாகவே குடிக்கும்.