கரண்ட் போனாலும் கம்பெனி நிற்கக் கூடாது

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனதும், வாடகை ஜெனரேட்டருக்கு ஊர் ஊராக அலைந்ததும் பலருக்கு மறந்துவிட்டது. விளைச்சலைக் காப்பாற்றிய விவசாயிக்கும் கரண்ட் இல்லாவிட்டால் செக்கு ஓடாது, பால் குளிராது.

இன்று ஊருக்கு ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வந்துவிட்டன. உறுப்பினர்களின் சிறுசிறு பங்குப் பணத்தில் நிற்பவை இவை. பத்து நாள் கதவு அடைத்திருந்தால் உறுப்பினர் பழைய வியாபாரியிடமே போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பாலையும் காயையும் வீட்டில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெரிய கம்பெனிகள் இதற்காகத் 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்று கட்டுக் கட்டாக எழுதி வைக்கின்றன. உழவர் நிறுவனத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

எந்த வேலை எத்தனை நேரம் நின்றால் தாங்கும் என்பதை முதலில் எழுத வேண்டும். கறந்த பாலைச் சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், அதற்குத் தவணை கிடையாது. கொப்பரை 6 சதவீத ஈரப்பதத்துக்கு உலர வேண்டும்; அடைமழையில் உலர்த்தி நின்றால் சில நாள்களில் பூசணம் பிடிக்கும். உரம் விற்க பி.ஓ.எஸ். கருவிக்குச் சார்ஜும் சிக்னலும் வேண்டும். கணக்கு வழக்கு ஒரு வாரம் பொறுக்கும். இப்படி எழுதிப் பார்த்தால், இருக்கும் ஒரே ஜெனரேட்டரை முதலில் எதற்கு ஓட்டுவது என்ற சண்டையே வராது. அந்த ஜெனரேட்டரையும் செப்டம்பரிலேயே, மெயினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கிப்போனது புயலன்று தெரிந்து பயனில்லை.

புயல் வராமலும் கம்பெனி நிற்கும். வங்கி ஓ.டி.பி., ஜி.எஸ்.டி. கடவுச்சொல், வாங்குபவர்களின் போன் நம்பர் எல்லாம் முதன்மைச் செயல் அலுவலர் ஒருவரின் செல்போனிலேயே இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போனாலோ, படுத்துவிட்டாலோ உறுப்பினருக்குப் பணம் போடக்கூட வழியிருக்காது. சட்டப்படி குறைந்தது 5 இயக்குநர்கள் உண்டு. வங்கியில் கையெழுத்திட மாற்று ஆளையும் சேர்த்துத் தீர்மானம் போடலாம். கடவுச்சொற்களை உறையிலிட்டு ஒட்டி, தலைவர் பொறுப்பில் பூட்டி வைக்கலாம்.

பலரும் ஏமாறுவது காப்பீட்டில்தான். பயிர்க் காப்பீடு கிடங்கில் இருக்கும் சரக்குக்குப் பொருந்தாது. அதற்குத் தீ விபத்துப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். புயலும் வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். பிரீமியத்தை மிச்சம்பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டுவது வேறு தவறு. 10 லட்ச ரூபாய் சரக்குக்கு 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்து, 2 லட்ச ரூபாய்ச் சரக்கு நனைந்துபோனால், கிடைப்பது 2 லட்சம் அல்ல, பாதிக் கணக்கில் 1 லட்சம்தான்.

கிடங்கில் உறுப்பினர்கள் வைத்துவிட்டுப் போன மூட்டைகளும் இருக்கும். அவை கம்பெனியின் சொத்து அல்ல. 'பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கு' என்று பாலிசியில் குறிப்பிடாவிட்டால் இழப்பீடு கிடைப்பது கடினம். அப்போது ஊரில் முகம் கொடுக்க வேண்டியவர்கள் இயக்குநர்கள்தான். இருப்புப் பதிவேட்டின் நகல் வாரம் ஒருமுறை வேறொரு வீட்டுக்குப் போய்விட வேண்டும். பதிவேடும் மூட்டையோடு நனைந்தால் எத்தனை மூட்டை இருந்தது என்று எதை வைத்துக் காட்டுவது? சேதமானால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், சர்வேயர் பார்க்கும் முன் போட்டோ எடுக்காமல் எதையும் அப்புறப்படுத்தக் கூடாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தெருவாரியாக உறுப்பினர் பெயர்களை எழுதி, ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் இயக்குநரைப் பொறுப்பாக்க வேண்டும். செல்போன் டவர் படுத்துவிட்ட காலையில், இன்று பால் எடுப்போமா மாட்டோமா என்று அவர்தான் சைக்கிளில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.