புல்லும் சாகாமல், காசும் கீறாமல்

மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டதும் காசு கைக்கு வந்துவிட்ட மாதிரி நமக்குத் தோன்றும். அமெரிக்கப் பூங்காக்களில் பழங்காசு தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களைக் கேட்டால், வேலையே அப்புறம்தான் என்பார்கள். டிடெக்டரின் அடியிலுள்ள கம்பிச்சுருள் சாப்பாட்டுத் தட்டு அகலம். தோராயமாக இந்த இடம், இவ்வளவு ஆழம் என்பதற்கு மேல் அது சொல்லாது. மிச்சமெல்லாம் கைக்கருவிகளின் பாடு.

இரண்டு அங்குல ஆழத்துக்குள் கிடக்கும் காசுக்கு மண்ணைத் தோண்டவே வேண்டாம். முனை மழுங்கிய பித்தளைக் கம்பி ஒன்றை மெதுவாக மண்ணில் இறக்கிப் பார்ப்பார்கள். கல்லில் பட்டால் ஒரு மாதிரி, காசில் பட்டால் வேறு மாதிரி தட்டுவது பழகிய விரலுக்குத் தெரியும். எஃகைவிடப் பித்தளை மிருது. கீறல் விழுவது குறைவு. காசு தட்டுப்பட்டதும், முனை தேய்த்த திருப்புளியை அதற்குச் சற்று மேலே வரை குத்திச் சுழற்றினால் புல் விலகி வழி விடும். பிறகு அதையே பக்கவாட்டில் சரித்து, காசுக்கு அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். காசு மேலே வந்துவிடும். பிளவைக் காலால் அழுத்தினால் போதும், தோண்டிய தடமே இருக்காது.

ஐந்தாறு அங்குலம் போய்விட்டால் இந்த வித்தை பலிக்காது. ஒரு பக்கம் ரம்பப் பல் வைத்த கனத்த கத்தியால் புல்தரையை மூன்று பக்கம் மட்டும் அறுத்து, நான்காவது பக்கத்தை விட்டுவைத்து, கதவு திறப்பதுபோல் மடிப்பார்கள். அந்தப் பக்கத்து வேர் அறுபடாததால் புல் பிழைத்துக்கொள்ளும். தோண்டிய மண் சிதறாமல் ஒரு துண்டின்மேல் விழும். குழிக்குள் காசைத் தேட பின்பாயின்டர் என்ற குட்டி டிடெக்டர் உண்டு. நெருங்க நெருங்க அதன் சத்தம் துரிதமாகும். கோடையில் தரை காய்ந்திருக்கும்போது இப்படிப் புல்லை அறுத்துத் தோண்டாமல் இருப்பதே நல்லது. என்ன பக்குவமாக மூடினாலும் புல் கருகிவிடும்.

இவ்வளவு நாசூக்கு எதற்கு? 1916இல் டென்வர் நாணயச்சாலை அடித்த பத்து சென்ட் வெள்ளிக் காசு மொத்தமே 2,64,000தான். அப்படியொன்று அகப்பட்டு, அதன்மேல் கத்தி ஒரு கோடு போட்டுவிட்டால் விலை பாதாளத்துக்குப் போகும். மண்ணோடு சேர்த்துச் சட்டையில் துடைத்தாலும் அதே கதிதான்.

கருவியைக் கீழே வைக்கவும் தெரிய வேண்டும். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலை டிடெக்டரோடு தேடப்போன எரிக் லாஸ் என்பவருக்கு ரோமானியப் பொற்காசுகள் தட்டுப்பட்டன. கொஞ்சம் எடுத்தவர், மேற்கொண்டு தோண்டாமல் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தைக் கிடந்த வாக்கிலேயே பதிவுசெய்து எடுத்தார்கள். மொத்தம் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள். புதையலை வைத்திருந்த பெட்டியின் மரம் மக்கிப்போயிருந்தும், உள்ளே எது எங்கே அடுக்கியிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தது.