வசைச்சொல்லின் எடை: இரு மொழிகளில் வளரும் பிள்ளைகள்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டி அமைந்துள்ளது இர்விங். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சத்து 56 ஆயிரம் பேர் இங்கு வசிக்கின்றனர். கணினித் துறை வேலைகளை நாடி வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் பலவும் இவர்களில் அடங்கும். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகளின் பெற்றோர், ஊரில் இருந்தவரை எழுந்திராத ஒரு கேள்வியை இங்கு எதிர்கொள்கின்றனர். கெட்ட வார்த்தை என்பது எது?

இரு மொழிகளும் அந்தக் கோட்டை வெவ்வேறு இடங்களில் வரைந்திருப்பதே இதற்குக் காரணம்.

வேறுபடும் அளவுகோல்கள்

தமிழில் மிகக் கடுமையாகக் கருதப்படும் வசைகள் பெரும்பாலும் தாயின் ஒழுக்கம், பிறப்பு, சாதி ஆகியவற்றைத் தாக்குபவை. ஆங்கிலத்தின் கடும் சொற்களில் பல, உடலையும் பாலுறவையும் மதத்தையும் சார்ந்தவை.

கிறிஸ்தவ நம்பிக்கை வலுவாக உள்ள டெக்ஸாஸில், கடவுளின் பெயரை வெறும் வியப்புச் சொல்லாகப் பயன்படுத்துவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. 'முருகா', 'கடவுளே' என்று நாளும் சொல்லிப் பழகிய தமிழ் வீட்டில் 'ஓ மை காட்' என்பது பிழையாகவே தோன்றாது. அதே சொல்லுக்காக அண்டை வீட்டில் அந்தப் பிள்ளை கண்டிக்கப்படலாம்.

மறுபுறம், 'எருமை', 'சனியனே', 'முட்டாள்' போன்றவை தமிழ் வீடுகளில் அன்றாடக் கண்டிப்பின் பகுதி. அவற்றில் சலிப்பும் உண்டு, சில வேளைகளில் செல்லமும் உண்டு. ஆனால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி வகுப்புகள் பலவற்றில் 'ஸ்டுப்பிட்', 'ஷட் அப்' ஆகியவையே சொல்லக் கூடாத சொற்கள். 'கொன்னுடுவேன்' என்று அம்மா சொன்னதாக ஒரு குழந்தை ஆங்கிலத்தில் ஆசிரியரிடம் கூறினால், அது மிரட்டலாகவே ஒலிக்கும். குழந்தை துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணம் இருப்பவர் எவரும் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்பது டெக்ஸாஸ் சட்டம். ஆசிரியரும் இதற்கு விலக்கல்ல.

தாய்மொழியில் அதிகம் சுடும்

துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளியானது. உணர்ச்சி எழும்போது தோலின் மின்கடத்தும் தன்மையில் ஏற்படும் மாற்றத்தை ஆய்வாளர்கள் அளந்தனர். தகாத சொற்களும், சிறு வயதில் கேட்ட கண்டிப்புச் சொற்களும் ஆங்கிலத்தைவிடத் தாய்மொழியில் கூடுதலான விளைவை ஏற்படுத்தியது தெரிய வந்தது.

தமிழ்க் குடும்பங்களில் இதன் பொருள் தெளிவானது. தமிழில் கூச்சத்துடன் தவிர்க்கும் ஒன்றை, அலுவலகத்தில் கேட்டுப் பழகிய ஆங்கிலச் சொல்லால் பெற்றோர் எளிதாகச் சொல்லிவிடக்கூடும். ஆங்கிலமே முதன்மை மொழியாகிவிட்ட பிள்ளைக்கு அதன் வெப்பம் முழுமையாகத் தெரியும். அதே பிள்ளை, திரைப்படத்தில் கேட்ட தமிழ் வசையைத் தொலைபேசியில் பாட்டியிடம் சிரித்தபடி சொல்லிக் காட்டினால், பாட்டி அதிர்ந்து போவார். பிள்ளைக்குச் சொல் தெரியும், எடை தெரியாது.

சட்டமும் பள்ளியும்

பொது இடத்தில் உடனடியாக அமைதியைக் குலைக்கத் தூண்டும் வகையில் இழிசொல் பேசுவது டெக்ஸாஸ் தண்டனைச் சட்டப்படி குற்றம். 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். பள்ளி நிகழ்ச்சியில் ஆபாசமாகப் பேசும் மாணவரைப் பள்ளி தண்டிக்கலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. பள்ளிக்கு வெளியே, விடுமுறை நாளில், சமூக ஊடகத்தில் வசைச்சொல்லைப் பதிவிட்ட மாணவியின் பக்கம் 2021இல் அதே நீதிமன்றம் நின்றது. அதற்காக எல்லா வெளிப் பேச்சும் பள்ளியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று நீதிமன்றம் கூறவில்லை.

இந்தியாவிலும் இதற்குச் சட்டம் உண்டு. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதற்கு எதிரான இந்திய தண்டனைச் சட்டத்தின் 294ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவாகியுள்ளது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம்.

மொழிபெயர்க்க இயலாத காயம்

வெறும் நாகரிகக் குறைவாக மட்டும் பார்க்க முடியாத சொற்கள் இரு சமூகங்களிலும் உள்ளன. கறுப்பின மக்களை அடிமைக் காலம் தொட்டு இழிவுபடுத்திவரும் சொல்லை, ராப் பாடல்களில் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகள் விளையாட்டாகத் திருப்பிச் சொல்வது அதில் ஒன்று. பழைய தமிழ்த் திரைப்பட நகைச்சுவைகளில் வரும் சாதி வசைகள் மற்றொன்று. பறையர் என்னும் சாதிப் பெயரிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற 'பரையா' என்ற சொல், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் இன்றும் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறது. ஒரு மக்களின் பெயரே பிறிதொரு மொழியில் வசையாகியிருக்கிறது. இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத் தமிழ்ப் பெற்றோரைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

தடை போதுமா?

அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் உணர்த்துவதைத் தமிழ் இலக்கணம் 'இடக்கரடக்கல்' என்கிறது. சொல் எதுவானாலும், இடமும் கேட்பவரும் அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றனர் என்பதே அதன் அடிப்படை. இரு மொழிகளில் வளரும் பிள்ளைக்குத் தேவைப்படும் அறிவும் ஏறக்குறைய இதுவே.

ஒரு சொல்லை வாயில் வரக்கூடாது என்று தடுப்பதால் மட்டும் அதன் பொருள் விளங்கிவிடாது. அது யாரைப் புண்படுத்துகிறது, ஏன் புண்படுத்துகிறது என்று விளக்கினால், வீட்டிலும் வெளியிலும் பிள்ளையே முடிவெடுக்க முடியும். இது ஒருவழிப் பாடமும் அல்ல. 'சனியனே' என்று அழைக்கப்படும்போது தன் காதில் எவ்வாறு ஒலிக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது, பெற்றோரும் செவிகொடுக்க வேண்டியிருக்கிறது.