மதகுப் பலகையின் உயரத்தை எண்ணும் கருவி

மின்சார மோட்டாரினால் ஏற்றி இறக்கப்படும் மதகுகளில், பலகை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை லஸ்கர் கோல் வைத்து அளப்பதில்லை. பெட்டியில் தோன்றும் எண்ணைப் பார்த்தே முறைநீர் விடப்படுகிறது. அவ்வெண் பிசகுமாயின் தலைமடையில் ஒருவரும் அறியார். கடைமடையில் நாற்று வாடிய பின்னரே தெரியவரும். ஆதலால் மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இக்கருவியின் அமைப்பை ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

பலகையைத் தூக்கும் திருகுத் தண்டுடன் என்கோடர் என்னும் சிறு கருவி இணைக்கப்படுகிறது. தண்டு சுழலச் சுழல அது ஏ, பி என்னும் இரண்டு கம்பிகளின் வழியே மின் துடிப்புகளை அனுப்பும். ஏ முந்தினால் பலகை ஏறுகிறது என்றும், பி முந்தினால் இறங்குகிறது என்றும் எண்ணும் கருவி கொள்ளும். இரு கம்பிகளும் இடம் மாறினால் கணக்கும் தலைகீழாகும்.

ஒரு சுற்றுக்கு 1000 துடிப்புகள் தரும் என்கோடரையும், ஒரு சுற்றுக்குப் பலகையை 10 மில்லிமீட்டர் உயர்த்தும் தண்டையும் எடுத்துக்கொள்வோம். எண்ணும் கருவி ஒரு துடிப்பை ஒன்றாகவோ, இரண்டாகவோ, நான்காகவோ எண்ணும்படி அமைக்கலாம். நான்காக எண்ணினால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 எண்ணிக்கை. ஒன்றாக எண்ணினால் 100. பெட்டியில் ஒரு மில்லிமீட்டருக்கு 100 என்று எழுதிவிட்டு, நான்காக எண்ணும் முறையை வைத்துவிட்டால், பலகை 50 மில்லிமீட்டர் ஏறியதுமே கருவி 200 என்று காட்டும். நீர் கால்பங்கு திறப்பில்தான் செல்லும்.

இதனினும் நுட்பமானது வடிகட்டி எனப்படும் அமைப்பு. குறித்த நேரத்திற்குக் குறைவாக நிற்கும் துடிப்புகளைக் கருவி தள்ளிவிடுவதற்காக இது ஏற்பட்டது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிவிநாடி. சில கருவிகள் ஆலையிலிருந்து வரும்போதே 6.4 மில்லிவிநாடி என்னும் அமைப்புடன் வருகின்றன. சாதாரண ஸ்விட்சுக்கு அது பொருந்தும், என்கோடருக்குப் பொருந்தாது. கைச்சக்கரத்தை ஒரு சுற்றுக்கு 20 விநாடி வீதம் மெல்லச் சுற்றினால் ஒவ்வொரு துடிப்பும் 10 மில்லிவிநாடி நிற்கும். கணக்குச் சரியாகவே வரும். மோட்டார் நிமிஷத்திற்கு 30 சுற்று சுற்றும்போதோ துடிப்பு ஒரு மில்லிவிநாடியே நிற்கும், அத்தனையும் தள்ளுபடியாகும். கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கருவி சரியென்று கையொப்பமிடுவது ஆகாது என்பதற்கு இதுவே காரணம். இங்கு 0.1 மில்லிவிநாடி போதுமானது.

ஆயினும் அதே 0.1-ஐ எல்லாவற்றிற்கும் வைத்துவிடலாகாது. பம்புசெட்டின் நீர்மானி 100 லிட்டருக்கு ஒரு துடிப்புத் தருவதாக இருந்து, அதனுள் காந்தத்தால் மூடும் ஸ்விட்சு இருக்குமானால், அதன் தகடுகள் மூடும்போது சற்றே துள்ளும். குறுகிய வடிகட்டி அத்துள்ளலையும் எண்ணி, இறைக்காத நீருக்கும் கணக்கு எழுதும். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பில் துடிப்பு 10 விநாடிக்கு ஒருமுறைதான் வரும். எனவே அங்கு 10 அல்லது 20 மில்லிவிநாடி வைப்பதால் யாதொரு நஷ்டமும் இல்லை.

மோட்டார்க் கம்பியுடன் என்கோடர்க் கம்பியை ஒரே குழாயில் இழுப்பது சிக்கனம் போலத் தோன்றும். அதனால் வரும் பொய்த் துடிப்புகளை வடிகட்டியால் மட்டும் தீர்க்க இயலாது. உறையிட்ட கம்பியைத் தனியே இழுப்பதே முறை.

மின்சாரம் நின்ற வேளையில் கைச்சக்கரத்தால் பலகையை ஏற்றினால், இவ்வகை என்கோடர் அதனை அறியாது. மின்சாரம் வந்ததும் கருவி பழைய எண்ணையோ பூஜ்யத்தையோ காட்டும். அப்போது பலகையை அடிக்கல்லில் படியுமளவும் இறக்கிப் பூஜ்யம் வைத்த பின்னரே முறைநீர் திறக்கவேண்டும். நிற்குமிடத்தைத் தானே அறியும் என்கோடர்களும் உண்டு; விலை அதிகமாயினும் மின்தடை மிகுந்த கிராமங்களுக்கு அவையே ஏற்றவை.

போகம் தொடங்குமுன் மோட்டாரைக் கொண்டே பலகையை 200 மில்லிமீட்டர் உயர்த்தி, தலைமடைக்காரர் ஒருவரும் கடைமடைக்காரர் ஒருவரும் உடனிருக்க நாடாவால் அளந்து பார்த்து, வைத்த அமைப்புகளைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுதல் வேண்டும்.